ஆற்றோடு இறங்கிக் கடலுக்கு: ஓஸ்லோவில் ஒரு நாள் நடை

நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவுக்கு வருகிறவர்களில் பலர் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி, கார்ல் யூகான் தெருவில் அரண்மனை வரை நேராக நடந்து திரும்பிவிட்டு, "சின்ன ஊர், அரை நாளில் முடிந்தது" என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தெருவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது, எப்படி வளர்ந்தது என்பது அங்கே தெரியாது. அது தெரிவது ஆக்கர்செல்வா ஆற்றங்கரையில்தான்.

வடக்கே காட்டை ஒட்டிய மாரிடால் ஏரியில் புறப்படும் ஆறு இது. நீளம் எட்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் குறுகிய தூரத்துக்குள் ஏறத்தாழ 150 மீட்டர் இறங்கி, வழியெல்லாம் அருவி அருவியாக விழுந்து கடலில் சேர்கிறது. அந்த வீழ்ச்சிதான் முதலில் மரம் அறுக்கும் வாள்களையும், 1840-களிலிருந்து நூற்பாலைகளையும் ஓட்டியது. ஆகவே கீழே சொல்லும் பாதைக்கு ஒரே விதி: தண்ணீர் போகும் திசையில் நடப்பது. கடற்கரையில் தொடங்கி ஆற்றோடு மேலே ஏறினால், நல்ல இடங்கள் வரும் நேரத்தில் கால் ஓய்ந்துவிடும். மெட்ரோவில் மேலே போய் இறங்கினால் ஏறக்குறைய நாள் முழுக்க இறக்கம்தான். நடை எட்டு ஒன்பது கிலோமீட்டர். அங்கே இங்கே திரும்புவதையும் சேர்த்துப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்காருவதற்கும் சாப்பிடுவதற்கும் தாராளமாக நேரம் விட்டால் காலை பத்து முதல் மாலை ஏழு வரை ஆகும்.

கிளம்பும் முன்

முதலில் நாளைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சின்னக் கடைகளும் கியோஸ்க்குகளும் மட்டுமே திறக்கும். அன்று போவதானால் தண்ணீர், பழம், ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு விடுமுறை. இந்த நடைக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. மே 17 தேசிய நாள். ஊரே பாரம்பரிய உடையில் தெருவில் நிற்கும், பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் நகர மையத்தில் நினைத்த பாதையில் நடக்க முடியாது. ஜூலையில் ஊர் மக்களே விடுமுறைக்குப் போய்விடுவதால் சின்ன உணவகங்கள் சில வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

அடுத்தது வெளிச்சம். ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்தரைக்கு மேல்தான் மறையும், டிசம்பரிலோ பிற்பகல் மூன்றேகாலுக்கு முன்பே. குளிர்காலத்தில் இதே பாதையில் போகலாம். ஆனால் காலை ஒன்பதரைக்கே நடையைத் தொடங்கி, இரண்டரை மணிக்குள் பாதையின் முடிவுப் பக்கம் வரும் ஓபரா (இசை நாடக) மாளிகையின் கூரையில் நிற்கும்படி கணக்குப் போட வேண்டும். கடைசியில் வரும் தீவுப் பயணத்தை விட்டுவிடலாம்.

உடை விஷயத்தில் வெப்ப நாட்டிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பருத்திச் சட்டைமேல் பருத்திச் சட்டை போட்டு, மேலே ஒரு கனத்த கோட்டு மாட்டுவது. நடக்கும்போது வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் முதுகு சில்லிட்டுவிடும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி பனியன், நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். கோடையிலும் அந்த ஜாக்கெட் பையில் இருக்கட்டும். குடை வேண்டாம், ஃபியோர்டு (நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்) காற்றில் அது நிற்காது. வானிலைக்கு நார்வேக்காரர்கள் எல்லோரும் பார்ப்பது 'இர்' என்ற ஆப். நாள் கணக்கில் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். காலையில் மழை என்றால் பிற்பகலும் மழை என்று அர்த்தமில்லை.

குளிர்காலத்தில் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கட்டாயம். 'ப்ரொடர்' என்று கேட்டால் விளையாட்டுப் பொருள் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். கடைக்குள் நுழையும்போது அதைக் கழற்றிவிடுங்கள், உலோக முள் கல் தரையில் பனிக்கட்டியைவிட மோசமாக வழுக்கும். பகலில் உருகி இரவில் உறையும் மார்ச் மாதம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. நடைபாதை வெறும் ஈரமாகத் தெரியும், கால் வைத்தால்தான் அது கண்ணாடிப் பனி என்று புரியும். நடைபாதையில் சுவரோடு சாய்த்து ஒரு கம்போ கழியோ வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். கூரையிலிருந்து பனி சரிந்து விழலாம் என்பதற்கான எச்சரிக்கை அது.

பணம் எடுத்துப் போக வேண்டியதில்லை. கழிப்பறை முதல் கடலைப் பொட்டலம் வரை எல்லாவற்றுக்கும் கார்டுதான். குழாய்த் தண்ணீர் மிக நல்ல தண்ணீர், மாரிடால் ஏரிதான் ஊரின் முக்கியக் குடிநீர்த் தேக்கம். காலி பாட்டில் ஒன்று போதும். பாட்டிலில் அடைத்த பானம் வாங்கினால் அதன் விலையில் இரண்டு அல்லது மூன்று குரோனர் முன்பணம் சேர்ந்திருக்கும். காலிப் பாட்டிலை மளிகைக் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பும்.

சீட்டும் மெட்ரோவும்

விமான நிலையத்திலிருந்து நகருக்கு இரண்டு வகை ரயில் உண்டு. தனி விரைவு ரயில் சுமார் இருபது நிமிடம் எடுக்கும். சாதாரண ரயிலுக்கு அதைவிட நான்கைந்து நிமிடம்தான் கூடுதல், கட்டணமோ ஏறக்குறைய பாதி. விரைவு ரயில் சீட்டு நகரப் பேருந்திலோ டிராமிலோ செல்லாது.

நகருக்குள் மெட்ரோ, டிராம், பேருந்து, தீவுப் படகு எல்லாவற்றுக்கும் 'ருத்தர்' ஆப்பில் எடுக்கும் ஒரே சீட்டு. இன்று இரண்டு முறைதான் ஏறுவோம் என்றால் ஒற்றைச் சீட்டு போதும், அது ஒரு மணி நேரம் செல்லும். மூன்று முறைக்கு மேல் போனால் 24 மணி நேரச் சீட்டு லாபம். ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். பரிசோதகர் வரும் நாளில் மட்டும் அபராதம் சாப்பாட்டுச் செலவையெல்லாம் விழுங்கும் அளவுக்கு இருக்கும். குளிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உறைகுளிரில் போன் பேட்டரி 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். போன் அணைந்தால் கையில் சீட்டு இல்லை என்றே கணக்கு. உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

பெயர்ப் பலகைகளைப் படிக்க நான்கு சொற்கள் போதும். 'காத்தே' தெரு, 'ப்ரூ' பாலம், 'பாக்கன்' ஏற்றம், 'ப்ரிக்கே' படகுத்துறை. ஊர்ப்பெயரையே உள்ளூர்க்காரர் பலர் 'உஷ்லு' என்றுதான் உச்சரிப்பார்கள்.

மத்திய நிலையத்தின் வாசலில் உள்ள யார்ன்பானெதோர்யே மெட்ரோவில் ஏறி நீடாலன் நிலையத்தில் இறங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்.

நீடாலன் முதல் மாத்ஹாலன் வரை: சுமார் 3 கி.மீ.

நிலையத்தை விட்டு வெளியே வந்து, தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பக்கம் போனால் இரண்டு நிமிடத்தில் ஆறு. இன்று இங்கே கண்ணாடிக் கட்டடங்களும் வணிகக் கல்லூரியும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்பாலையும் ஆணித் தொழிற்சாலையும் இருந்த இடம் இது. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதே பக்கம் திரும்புங்கள். பாதை இரு கரையிலும் உண்டு. ஏதாவது ஒரு கரையில் அது கட்டடத்தில் முட்டினால் அடுத்த பாலத்தில் மறுகரைக்கு மாறிவிடுங்கள். வழி தவற வாய்ப்பே இல்லை. மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறாக இருக்கும், வெள்ளை ஷூ வேண்டாம்.

மிதிவண்டிகளும் மின்ஸ்கூட்டர்களும் இதே பாதையில் வரும். வலப்பக்கமாக நடந்தால் சச்சரவு இல்லை. நான்கு பேர் கைகோத்து அகலமாகப் போவதுதான் இங்கே பிறரை எரிச்சலூட்டும்.

ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் பையர் பாலம் வரும். அதன்மேல் நாலு பெண்களின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆலைப் பெண்கள். இந்த ஆற்றங்கரை நெசவாலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள்தான். சிலையைப் பார்த்துவிட்டுக் கீழே விழும் அருவியையும் ஒட்டிய செங்கல் ஆலைச் சுவரையும் பாருங்கள். தண்ணீருக்கும் தறிக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

பாலத்தை ஒட்டிய சின்னச் சிவப்பு மரவீடு 'ஹோன்ஸெ லொவீசா'. இப்போது அது ஒரு காப்பிக்கடை. காலையில் சீக்கிரம் திறக்காது, பத்து மணிக்கு நடையைத் தொடங்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். வாஃபிள் வாங்குங்கள். இதய வடிவ இதழ்கள் ஐந்து சேர்ந்த பூப்போல, மெத்தென்று வரும். நார்வே வாஃபிள் மொறுமொறுப்பாக இருக்காது, அதை வேகாதது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். மேலே புளித்த கிரீமும் ஸ்ட்ராபெரி ஜாமும், அல்லது பழுப்புச் சீஸ். இந்தப் பழுப்புச் சீஸ் பற்றி ஒரு வார்த்தை: பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் மோர்த்தண்ணீரைப் பாலும் கிரீமும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சி, அதிலுள்ள சர்க்கரை பழுப்பாகும் வரை வற்றவைப்பது. லேசாக அடிப்பிடித்த திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டதுபோல் இருக்கும். சீஸ் என்று நினைத்துக் கடித்தால் ஏமாற்றம், திரட்டுப்பால் என்று நினைத்துக் கடித்தால் பிடித்துவிடும்.

இன்னும் கீழே போனால் ஒரு பழைய இரும்புச் சங்கிலித் தொங்குபாலம், ஓமோத் ப்ரூ. 1850-களின் தொடக்கத்தில் ட்ராமன் ஆற்றின்மேல் கட்டப்பட்டு, 1962-ல் கழற்றி இங்கே கொண்டுவரப்பட்டது. இரு முனைகளிலும் உள்ள வளைவுகளில் பழைய எழுத்தில் ஒரு வாக்கியம் பாதிப் பாதியாகப் பொறித்திருக்கிறது. ஒரு முனையில் 'நூறு பேரை என்னால் தாங்க முடியும்', மறுமுனையில் 'ஆனால் சீரான அணிநடையில் துவண்டுவிடுவேன்'. பொறியியல் எச்சரிக்கை அது. படை ஒரே தாளத்தில் காலடி வைத்தால், அந்த அதிர்வும் பாலத்தின் இயல்பான ஆட்டமும் ஒன்றுசேர்ந்து ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். நடுவில் போய் நின்று, பக்கத்தில் யாராவது ஓடும் வரை காத்திருங்கள். பலகைகளின் அதிர்வு உள்ளங்காலில் தெரியும்.

கரையோரமாக வரும் உயரமான வட்டக்கோபுரக் கட்டடம் பழைய தானியக் குதிர். 1953-ல் கட்டியது. 2001-ல் அதைக் குடைந்து மாணவர் விடுதியாக்கினார்கள். குதிருக்குள் அறை என்பதால் சுவர்கள் வளைவாக இருக்கும். மாணவர்கள் அலமாரியை எப்படித்தான் ஒட்டி வைக்கிறார்களோ.

மாத்ஹாலன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள உணவுச் சந்தை. மதியச் சாப்பாட்டுக்கு இங்கே நல்ல தேர்வு உண்டு, ஆனால் மலிவு இல்லை. செலவைக் குறைக்க நினைத்தால் மளிகைக் கடையில் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் வாங்கி ஆற்றங்கரைப் புல்லில் உட்காருங்கள், இந்த ஊரில் அது சகஜம். ஆனால் பொது இடத்தில் மது குடிக்கச் சட்டம் இடம் தராது. சைவம் வேண்டும் என்றால் 'வெகெதார்' என்று கேட்க வேண்டும். சூப்பில் மீன் சாறும் சாஸில் இறைச்சிச் சாறும் இருக்கலாம், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பேக்கரியில் விற்கும் உருண்டை பன் மாவில் ஏலக்காய் போடுவது இங்கே வழக்கம். அந்த வாசனை வரும் கடையில் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள், நாலு மணிக்கு வேண்டியிருக்கும்.

மரவீடுகளுக்கு ஒரு சிறு ஏற்றம்

இந்த நாளின் ஒரே உண்மையான ஏற்றம் இதுதான். சாப்பிட்டதும் மாரிடால்ஸ்வெயன் சாலையைக் கடந்து டெல்த்ஹூஸ்பாக்கன் என்ற சந்தில் ஏறுங்கள். ஒரு பக்கம் வண்ணவண்ண மரவீடுகள், மறுபக்கம் காய்கறிப் பாத்திகள். தலைநகரின் நடுவே மரவீடு எப்படி மிஞ்சியது என்றால், 1624-ல் ஊர் எரிந்தபின் அரசர் நான்காம் கிறிஸ்டியான் நகரைக் கோட்டைப் பக்கம் மாற்றி, கிறிஸ்டியானியா என்று பெயரிட்டு, செங்கல்லிலும் கல்லிலும்தான் கட்ட வேண்டும் என்று விதி போட்டார். செங்கல்லுக்கு வசதியில்லாதவர்கள் எல்லைக்கு வெளியே மரத்தில் கட்டிக்கொண்டார்கள். இந்த மேடு அப்போது ஊருக்கு வெளியே. ஓஸ்லோ என்ற பழைய பெயர் 1925-ல்தான் திரும்பி வந்தது.

ஏறி முடித்தால் காம்லெ ஆக்கர் தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கற்கட்டடம், ஊரில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. பக்கத்திலேயே உள்ள வோர் ஃப்ரெல்செர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் ஓவியர் எட்வர்ட் முங்க்கும் நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனும் அடக்கமாகியிருக்கிறார்கள். இப்சனின் உயரமான கற்தூணில் ஒரு சுத்தியல் செதுக்கியிருக்கும். சுரங்கத் தொழிலாளி பற்றி அவர் எழுதிய கவிதையை நினைத்து வைத்தது. நிழலும் பெஞ்சும் அமைதியும் உள்ள இடம், இருபது நிமிடம் உட்காரலாம்.

இறங்கும் வழி டாம்ஸ்ட்ரெடெ. வளைந்து இறங்கும் உருளைக்கல் தெரு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மழையில் இந்தக் கற்கள் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும், ஓரமாக இறங்குங்கள். இவை காட்சி வீடுகள் இல்லை, ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் முகம் வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

நகர மையம் வழியே ஓபராவுக்கு

அங்கிருந்து தெற்கே மோல்லர்காத்தே தெருவோடு இறங்கினால் நகர மையம். இங்கே டிராம் தண்டவாளங்கள் குறுக்கிடும். நடப்பவர் சாலையைக் கடக்கும் வரிக்கோட்டில் நீங்கள் கால் வைத்தால் கார் நின்றுவிடும், சட்டம் அப்படி. டிராமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதன் கனத்துக்குச் சட்டென்று நிற்கவும் முடியாது. கார் நின்ற தைரியத்தில் டிராம் முன்னால் இறங்கிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

அரிசிச் சாப்பாட்டு ஏக்கம் வந்துவிட்டால் கிழக்கே பத்து நிமிடத்தில் குரோன்லாண்ட். தெற்காசிய மளிகைக் கடைகள் நெருக்கமாக உள்ள வட்டாரம் அது. ஓஸ்லோவில் ஈழத்தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள், வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் இங்கே அதிசயம் இல்லை.

நாள் முழுக்கக் கூட வந்த ஆறு இந்தப் பகுதியில் நிலத்தடிக் குழாய்க்குள் போய், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடி, கடலோரம் பியோர்விகாவில் வெளிவருகிறது. நாம் நிலையத்தைத் தாண்டி அதைப் பிடிக்கிறோம்.

ஓபரா மாளிகை 2008-ல் திறந்தது, ஸ்னோஹெத்தா நிறுவனத்தின் வடிவமைப்பு. இத்தாலியின் கராரா பளிங்குக் கூரை தரையிலிருந்தே சாய்வாக எழுகிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் ஏறலாம். மூன்று எச்சரிக்கைகள். வெயில் நாளில் வெள்ளைக் கல் கண்ணைக் கூச வைக்கும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். கற்பலகைகளுக்கு இடையே வேண்டுமென்றே விட்ட சின்ன மேடு பள்ளங்கள் உண்டு. எல்லாம் வெள்ளையாக இருப்பதால் அவை கண்ணுக்குப் படாது, காட்சியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தடுக்கும். பார்க்க வேண்டுமா, நில்லுங்கள். நடக்க வேண்டுமா, தரையைப் பாருங்கள். மூன்றாவது, தண்ணீருக்குள் இறங்கும் கீழ் விளிம்பு பாசி பிடித்துக் கிடக்கும், அதில் கால் வைக்காதீர்கள்.

பக்கத்தில் 2020-ல் திறந்த தைக்மன் நூலகம். உறுப்பினர் அட்டை தேவையில்லை. சூடு, சாய்வு நாற்காலி, இலவசக் கழிப்பறை எல்லாம் உண்டு. மழை பிடித்தால் இரண்டு மணி நேரம் இங்கேயே இருந்துவிடலாம். மேல்தளத்தில் மரத்தால் குகைபோலச் செய்த சின்ன அறை ஒன்று இருக்கிறது, காலணியைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். கலைஞர் கேட்டி பேட்டர்சன் தொடங்கிய 'எதிர்கால நூலகம்' அது. 2014-ல் ஊருக்கு வெளியே காட்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டார்கள். ஆண்டுக்கு ஒரு எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி இந்த அறைச் சுவரிலுள்ள இழுப்பறைகளில் ஒன்றில் பூட்டப்படுகிறது. 2114-ல் அந்த மரங்களில் செய்த காகிதத்தில்தான் அவை அச்சாகும். அறையில் பேசாமல் ஐந்து நிமிடம் இருங்கள். புது மரவாசனை வரும்.

துறையோரம் புகை போக்கியுடன் மிதக்கும் மரப்பெட்டிகள் சவுனாக்கள், அதாவது சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல் அறைகள். இடத்தை முன்பதிவு செய்ய வேண்டும், ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் நீச்சலுடை வேண்டும். சூட்டிலிருந்து கடலில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். குளிர்நீர் பட்டதும் மூச்சு தானாக உள்ளிழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. ஏணியில் இறங்கி, மூச்சு நிதானமாகும் வரை கம்பியைப் பிடித்திருங்கள்.

கோட்டை, நகரமன்றம், தீவு

கடலை இடப்பக்கம் வைத்து நடந்தால் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டை. 1300-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டத் தொடங்கியது. மதில்மேல் மேற்கு பார்த்த பெஞ்சுகளில் மாலை வெயில் விழும், ஏலக்காய் பன்னுக்கு இதுதான் இடம். கோட்டையைச் சுற்றி இறங்கினால் இரட்டைக் கோபுர நகரமன்றம். ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று அமைதிக்கான நோபல் பரிசு இங்கேதான் வழங்கப்படுகிறது. உள்ளே பெரிய சுவரோவியங்கள் உண்டு. ஆனால் மாலையில் மூடிவிடும், பார்த்தே தீர வேண்டும் என்றால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். நார்வேயின் அனுசரணையில் 2002 டிசம்பரில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் பேச்சு நடத்தியது இந்த ஊரில்தான் என்பது தமிழர் பலருக்கு இங்கே நிற்கும்போது நினைவுக்கு வரும்.

கோடையானால் நகரமன்றத்துக்கு எதிரே, ரோட்ஹூஸ்ப்ரிக்கே 4 என்ற துறையில் ஹூவெதோயா தீவுப் படகு ஏறுங்கள். பத்து நிமிடத்துக்குள் தீவு. அதே ருத்தர் சீட்டு. காலையில் எடுத்த ஒற்றைச் சீட்டு இதற்குள் காலாவதியாகியிருக்கும், ஏறுமுன் புதுச் சீட்டு எடுங்கள். துறையிலிருந்து நடந்து எட்டும் தூரத்தில் 1147-ல் சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் நிறுவிய மடத்தின் இடிபாடுகள். பாதையை விட்டு உயரமான புல்லுக்குள் போனால் திரும்பியதும் முழங்கால் பின்புறம், இடுப்பு, காதுமடலின் பின்பக்கம் பாருங்கள், உண்ணி ஏறியிருக்கலாம். ஒட்டியிருந்தால் நசுக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். கடித்த இடத்தில் அடுத்த வாரங்களில் சிவந்த வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தீவில் கால் வைத்ததும் முதல் வேலை, துறையிலுள்ள நேரப் பலகையைப் போனில் படம் எடுப்பது. கடைசிப் படகு பருவத்துக்குப் பருவம் மாறும். வெளிச்சத்தை நம்பி இருந்துவிடாதீர்கள், ஜூனில் அது படகு போனபின்பும் இருக்கும். திரும்பும்போது படகின் வடபக்கத்தில் நில்லுங்கள். ஓபரா கூரை, கோட்டை, நகரமன்றம் மூன்றும் ஒரே வரிசையில் வரும், அவற்றுக்குப் பின்னால் காலையில் புறப்பட்ட மேட்டு நிலமும் காடும் தெரியும்.